தலையோடு போகும் மீன்: நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா?

நோர்வே குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட முதல் வாக்கே, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்ற மக்கள் வாக்கெடுப்பில், "வேண்டாம்" என்பதுதான். 1994 நவம்பர் 28, திங்கட்கிழமை. நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் சூரியன் எழும்பாத காலம் தொடங்கியிருந்தது. வேலை முடிந்து, கையில் மீன் மணம் போகாமலே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய் 'நெய்' (நோர்வே மொழியில் 'வேண்டாம்') என்று அச்சடித்த துண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். என் முன்னால் நின்ற மேற்பார்வையாளரும் அதையேதான் எடுத்தார். பின்மார்க்கில் நான்கில் மூன்று பேர் அப்படித்தான் போட்டார்கள். ஒஸ்லோவில் மூன்றில் இரண்டு பேர் 'யா', அதாவது 'ஆம்', என்றார்கள். நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் 52.2 சதவீதம் 'நெய்'. அதற்கு முன் 1972இல் கேட்டபோதும் 53.5 சதவீதம் அதே பதில்.

இப்போது நான் இருப்பது ஒஸ்லோவில். இன்றைக்குக் கேட்டால் 'யா' என்று போடுவேன். "இடம் மாறினதும் கட்சி மாறிட்டீங்களாப்பா?" என்று மகள் சிரிக்கிறாள். அவள் பிறந்தது வடக்கில். வளர்ந்தது இங்கே. போடப்போவதோ 'நெய்'. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் கதைத்ததன் சாரம்தான் இது. என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், சொல்லிவிட்டேன்.

தெரிவுகள் உண்மையில் இரண்டுதான். ஒன்று, இப்போது இருப்பதுபோல ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் மட்டும் இருப்பது. இங்கே எல்லோரும் அதை ஈ.ஓ.எஸ் என்பார்கள். 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றது, ஒன்றியத்தில் முழு உறுப்பினராவது. ஈ.ஓ.எஸ்ஸையும் விட்டுவிட்டு வெறும் வணிக ஒப்பந்தத்தோடு நிற்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றியத்தைவிட்டு வெளியேறிப் பிரித்தானியா பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் ஓடவிட்டுவிடுகிறேன். சட்டம்: ஒன்றியத்தின் விதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை நாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று அரசு நியமித்த குழுவே 2012இல் எழுதியது. அந்த விதிகள் எழுதப்படும் அறையில் நமக்குக் கதிரை இல்லை. 'மாட்டோம்' என்று மறுக்கும் உரிமை தாளில் உண்டு. 2011இல் அன்று ஆண்ட தொழிற்கட்சியின் மாநாடு ஒன்றியத்தின் தபால் சட்டத்தை மறுத்தது. 2013இல் ஆட்சி மாறியதும் அந்த மறுப்பும் போனது. பணம்: உறுப்பினர் இல்லாவிட்டாலும் கட்டுகிறோம். 2014 முதல் 2021 வரையான சுற்றுக்கு ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நோர்வே மூன்றும் சேர்ந்து கொடுக்க ஒத்துக்கொண்டது 280 கோடி யூரோ. அதில் மிகப்பெரும் பங்கு நோர்வேயின் பையிலிருந்து. பயணம்: 2001 முதல் எல்லைச் சோதனையில்லாத ஷெங்கன் வலயத்துக்குள் இருக்கிறோம், அதில் வித்தியாசமே இல்லை. விவசாயம்: சேர்ந்தால் பால் பண்ணைகள் அடிபடும், சந்தேகமில்லை. இறுக்கமான பாற்கட்டிக்கு 277 சதவீதம் சுங்கவரி வைத்துக் காக்கிற நாடு இது. அப்படிக் காத்தும் 2011 நத்தாருக்குக் கடைகளில் வெண்ணெய் இல்லாமல் போனது. அந்தக் கதையை என் மனைவி இன்னும் விடவில்லை. பலகாரத்துக்கு வெண்ணெய் வாங்கச் சுவீடன் எல்லை வரை போய் வந்தவர் அவர்.

இனி மீன். மகளின் பலமும் என் பலமும் அங்கேதான்.

'நெய்' பக்கத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுக்கிறேன். ஒன்றியத்தில் சேர்வதற்கான 1994 பேரத்தில் மீன்வளத்துறை அமைச்சராக இருந்தவர் யான் ஹென்ரி ஓல்சன். கொடுக்க என்னிடம் ஒரு மீன்கூட இல்லை என்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் நின்றதால் அவருக்கு 'நோ ஃபிஷ் ஓல்சன்' என்றே பெயர் வந்தது. அப்படியிருந்தும் கையில் கிடைத்தது என்ன? 62ஆம் பாகை அகலக்கோட்டுக்கு வடக்கே உள்ள கடலை 1998 நடுப்பகுதி வரை நோர்வே நிர்வகிக்கலாம், அதற்குப் பிறகு ஒன்றியத்தின் பொதுக் கொள்கைக்குள் வந்துவிடும் என்ற ஏற்பாடு. பின்மார்க்கின் மீன்பிடி ஊர்களான வார்டோவிலும் பொட்ஸ்பியூர்டிலும் அதைக் கேட்டவர்கள் 'யா' போடுவார்கள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் அந்த ஊர்களில் ஒரு மாரியும் கழித்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு மீன்பிடிப் படகு வாங்க வேண்டுமானால் அதன் பெரும்பங்கு கடலில் தொழில் செய்கிறவனின் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. கரைக்கு வரும் மீனின் அடிவிலையை மீனவர்களின் சொந்த விற்பனைச் சங்கம் தீர்மானிக்கும், 1938இலிருந்து அப்படித்தான். யாழ்ப்பாணக் கரையில் சம்மாட்டி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒருவனுக்கு இதன் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. உறுப்பினரானால் இவை அப்படியே நிற்குமா? 1988இல் பிரித்தானியா தன் கடலில் ஸ்பானியர் பின்னணியில் நின்ற படகுகளைத் தடுக்கச் சட்டம் போட்டது. 1991இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. மகள் சட்டம் படித்தவள். இந்த வழக்கை என் தட்டில் வைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடல் இன்னும் சிக்கல். அங்கே கொட் மீனை எத்தனை தொன் பிடிக்கலாம் என்பதை 1970களிலிருந்து நோர்வேயும் ரஷ்யாவும் ஒன்றாக இருந்து முடிவு செய்கின்றன. 2022க்குப் பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சேர்ந்தால் அந்த மேசையில் நோர்வேயின் இடத்தில் பிரசல்ஸ் உட்காரும். மொஸ்கோவும் பிரசல்ஸும் இன்றைக்கு இருக்கிற நிலையில் அது என்ன பேச்சுவார்த்தையாக இருக்கும்? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் கடலில் பிடிக்கிற மீனைப் பற்றி இவ்வளவு கதைக்கும் நாங்கள், பிடித்த மீனை யார் வெட்டுகிறார்கள் என்று கேட்பதில்லை. என் மனம் மாறியது அந்த இடத்தில்.

1987இல் நான் வந்தபோது பின்மார்க்கின் ஒவ்வொரு மீன் பெக்டரியிலும் தமிழ்ப் பெடியள் இருந்தார்கள். எனக்குக் கொடுத்தது 'ஒளிமேசை'. பால் நிறக் கண்ணாடி, அடியில் விளக்கு. துண்டை அதன்மேல் விரித்தால் தசைக்குள் சுருண்டு கிடக்கும் புழு கறுப்பு நூல்போலத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கிளறி எடுக்க வேண்டும், தசை கிழியக்கூடாது. பிறகு நடுமுள் வரிசையை 'வி' வடிவத்தில் ஒரே இழுவையில் வெட்டி எடுக்க வேண்டும். எத்தனை கிலோ, எத்தனை சதவீதம் கழிவு, எத்தனை பிழை என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு உண்டு. கிழமை முடிவில் 'போனஸ்' அதன்படி வரும். அந்தக் காசில்தான் நான் தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தேன்.

அந்த பெக்டரி இப்போது இல்லை. அதைப்போலப் பலவும் இல்லை. எங்கள் ஆட்களும் ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே இறங்கிவிட்டார்கள்.

இதைச் சொல்லி ஒன்றியத்தின் சுங்கவரியைக் குறை சொன்னால் மகள் பிடிப்பாள்: "கொட் மீனுக்கு ஐரோப்பாவில வரியே இல்லையேப்பா. ஈ.ஓ.எஸ் வந்தபோதே எடுத்திட்டாங்கள். பிறகு எப்படி வரியால பெக்டரி மூடினது?" உண்மைதான். கொட் மீனை உறையவைத்துச் சீனாவுக்கு அனுப்பி, அங்கே வெட்டித் திரும்பக் கொண்டுவருவது மலிவு என்று ஆனது. அது சம்பளக் கணக்கு. என் பெக்டரியைப் பிரசல்ஸ் மூடியது என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் நோர்வேயின் மீன் இப்போது கொட் இல்லை, சால்மன். 2024இல் இந்த நாட்டின் கடலுணவு ஏற்றுமதி 17,500 கோடி குரோனரைத் தாண்டியது. அதில் 12,000 கோடிக்கு மேல் சால்மன் மட்டும். முழுச் சால்மனை ஒன்றியத்துக்குள் அனுப்பினால் சுங்கவரி 2 சதவீதம். புகையூட்டிய சால்மனுக்கு 13 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, குடல் எடுத்த ஒரு மீன் 100 குரோனர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்பினால் வரி 2 குரோனர். அதையே இங்கே வெட்டி, உப்பிட்டு, புகையூட்டி, மெல்லிசாக நறுக்கிப் பொதி செய்தால் விலை 250 ஆகும் என்று வையுங்கள். இப்போது வரி 32.50. வீதமும் கூடுகிறது, வீதம் விழும் பெறுமதியும் கூடுகிறது. ஒருவன் செய்த வேலைக்கு மேல் வரி விழுகிறது. எந்த முதலாளி இங்கே புகையூட்டுவான்?

ஆகவே மீன் தலையோடு போகிறது. ஒரு கொள்கலன் லொறியில் ஏறக்குறைய 20 தொன். தலை, முள், ஐஸ் எல்லாம் சேர்த்து. எல்லை தாண்டிப் போலந்துக்கும் டென்மார்க்குக்கும் போய் அங்கே வெட்டப்பட்டு, அங்கிருந்து ஜெர்மனியின் கடைகளுக்கு வரியில்லாமல் போகிறது. உலகின் மிகப்பெரிய சால்மன் நிறுவனமான மோவியின் தலைமையகம் பேர்கனில். அதன் பெரிய புகையூட்டும் ஆலையோ போலந்தின் ஊஸ்த்கா பக்கம். முதலாளி நோர்வேக்காரன், மீன் நோர்வே மீன், கத்தி மட்டும் அங்கே. 2004இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு போலந்துக்காரர் இங்கே வேலைக்கு வந்தார்கள், எங்கள் மீன் அங்கே வேலைக்குப் போனது.

சால்மனைக் கொட்போலச் சீனாவுக்கு அனுப்பித் திருப்பி எடுப்பது லேசில்லை. பச்சையாக விற்கிற மீன் அது, நாள் கணக்கு. சந்தைக்குக் கிட்ட இருக்க வேண்டும். வேலையும் இப்போது பெரும்பாலும் இயந்திரம். நான் கையால் இழுத்து எடுத்த முள்ளை இன்று இயந்திரம் எடுக்கிறது. சம்பளத்தின் பங்கு குறையக் குறைய வரியின் பங்குதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். 13 சதவீதம் பூச்சியமானால் எல்லா ஆலையும் நாளைக்கே திரும்பிவிடும் என்று சொல்லவில்லை. போலந்தில் போட்ட முதலீட்டை யாரும் பிடுங்கிக்கொண்டு வர மாட்டார்கள். புதிதாகக் கட்டுவதில் கொஞ்சமாவது இந்தப் பக்கம் வரும் என்பது என் ஊகம். நான் கத்தி பிடித்தவன், முதல் போட்டவன் இல்லை. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சேராமலே பேசி இந்த வரியைக் குறைக்கலாமே என்பார்கள். முப்பது வருசமாகப் பேசுகிறோம். நோர்வே கட்டும் காசின் அடுத்த சுற்றைப் பேசும்போதெல்லாம் சில மீன் வகைகளுக்கு இத்தனை தொன் வரியில்லாமல் என்று ஏதாவது கிடைக்கும். அடுத்த சுற்றில் திரும்பவும் கேட்க வேண்டும். ஈ.ஓ.எஸ் ஒரு சந்தை, உள்ளே வரியில்லாமல் வெளியாருக்கு ஒரே வரி வைக்கும் சுங்க ஒன்றியம் இல்லை. அந்த வித்தியாசம் 2025 நவம்பரில் மீன் தெரியாதவர்களுக்கும் விளங்கியது. உருக்கில் சேர்க்கும் உலோகக் கலவைகளைச் செய்யும் தன் ஆலைகளைக் காக்க ஒன்றியம் இறக்குமதிக்குத் தடுப்பு வைத்தபோது நோர்வேயையும் ஐஸ்லாந்தையும் வெளியாளாகவே கணக்கெடுத்தது. வடநோர்வேயின் மூ இ ரானாவில் உலை எரிக்கிறவர்கள் 'நாங்கள் உள்ளேயா, வெளியேயா?' என்று அன்றைக்குக் கேட்ட கேள்வியை நாங்கள் மீன் மேசையில் எப்போதோ கேட்டிருந்தோம்.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 ஜனவரியில் ஒன்றியத்தின் மின்சக்தி விதிகளுக்காகவே மத்திய கட்சி அரசைவிட்டு வெளியேறியது. ஒஸ்லோவில் நான் கட்டும் மின்பட்டியல் பின்மார்க்கில் இருக்கும் மச்சானுடையதைவிட அதிகம், அவனுக்கு அதில் ஒரு சந்தோசமும் உண்டு. ஆனால் ஜெர்மனிக்குப் போகும் கேபிள் 2021இலேயே வந்துவிட்டது, உறுப்பினர் இல்லாமலே. அதனால் இதை எந்தத் தட்டிலும் வைக்கத் தோன்றவில்லை.

குரோனரும் யூரோவும் எனக்குச் சரியாகப் பிடிபடாத விசயம். 2012இல் ஒரு யூரோவுக்கு ஏழரை குரோனர் கொடுத்தேன், பிறகு பதினொன்றரைக்கும் மேலே போனது. விடுமுறையில் பாரிஸில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போனால் கை கடிக்கிறது. அதே இறக்கம் மீன் விற்கிறவனுக்கு லாபம். பொருளியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆக, ஈ.ஓ.எஸ் மோசமான ஏற்பாடு இல்லை. மீனைப் பிடிக்கிறவனுக்கு அது நல்ல காவல். மீனை வெட்டுகிறவனுக்கு அது எதையும் செய்யவில்லை. நான் வெட்டினவன்.

மகளிடம் ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறேன். திரும்ப ஒரு பேரம் நடந்து, பேரன்ட்ஸ் கடலுக்கு 1994இல் கொடுத்ததுபோல மூன்று நான்கு வருசத் தவணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நானும் 'நெய்' துண்டைத்தான் எடுப்பேன். "அப்ப இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ள போடலாம்" என்றாள். மேசையில் சுவீடனில் வாங்கிய புகை சால்மன் பொதி இருந்தது. திருப்பிப் பார்த்தாள். வளர்ந்தது நோர்வே, பொதி செய்தது போலந்து. ஒன்றும் சொல்லாமல் பாணில் வைத்துச் சாப்பிட்டாள்.