தோட்டப் பாதைக்கு 100 சிசி பைக்கை மாற்றுதல்: பல்லு, செயின், டயர் ஒப்பீடும் நீண்டகாலப் பாவனை அனுபவமும்

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனை, டயகம, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் அதிகம் ஓடுவது 100, 125 சிசி பைக்குகள். கார்பட் றோட்டில் சிக்கனமாக ஓடுவதற்கென்று கியர் போட்டு வந்தவை அவை. கல் பதித்த பழைய பாதை, நடுவில் புல் முளைத்த கொங்கிரீட் பட்டி, மழை விட்டதும் சோப்புப் போல வழுக்கும் செம்மண் என்று மூன்றும் ஒரே மைலுக்குள் வரும் இடத்தில் அந்தக் கியர் போதாது. கடைக்குப் போனால் “ட்ரெயில் செட்” என்று பெரிய ஸ்ப்ரொக்கெட்டையும் (செயின் ஓடும் பல்லுச் சக்கரம்) கட்டை டயரையும் (றப்பர் கட்டைகள் துருத்தி நிற்பது) எடுத்து வைப்பார்கள். எது காசுக்குப் பயன், எது வீண் என்பது முதல் மாதத்தில் தெரியாது. தென்மேல் மழை ஒரு முறை முழுதாகக் கடந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சாமான்களை ஏற்றத்தை வைத்து அளக்காதீர்கள், இறக்கத்தை வைத்து அளவிடுங்கள். ஏற முடியாவிட்டால் பைக் நிற்கும், இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது.

உயரக் கணக்கு ஒன்று உண்டு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். கடல்மட்டத்தோடு பார்த்தால் காற்றின் அடர்த்தி ஹட்டனில் 12 சதவீதமும் நுவரெலியாவில் 17 சதவீதமும் குறைவு. காபரேட்டர் இன்ஜினின் இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவில் இறங்கும். இன்ஜினில் குறை தேடி போரிங் போடச் (சிலிண்டரைக் கடையச்) சொல்லும் கராஜ்களும் உண்டு. அதற்கு முன் பின்சக்கரத்துப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

முன் ஸ்ப்ரொக்கெட்டில் 14, பின்னுக்கு 42 பல்லு உள்ள பைக்கை எடுத்துக்கொள்வோம். பின்பல்லை முன்பல்லால் பிரித்தால் விகிதம் 3.00. உங்கள் பைக்கில் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். முன்னுக்கு ஒரு பல்லைக் குறைத்து 13 போட்டால் 3.23, அதாவது இழுவை 7.7 சதவீதம் கூடும். முன்னை அப்படியே விட்டுப் பின்னுக்கு 45 போட்டால் 3.21. முன்னுக்கு ஒன்று குறைப்பதும் பின்னுக்கு மூன்று கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே என்பது இதிலிருந்து விளங்கும். 14/48 (முன்னுக்கு 14, பின்னுக்கு 48) என்றால் 3.43. 13/45 என்றால் 3.46, இழுவை 15.4 சதவீதம் கூட. உயரம் பறித்ததை ஏறக்குறையத் திருப்பிக் கொடுப்பது இந்தக் கடைசி இரண்டும்தான்.

இரண்டில் நாங்கள் வைத்துக்கொண்டது 13/45. காரணம் செயின். ஸ்ப்ரொக்கெட் இரண்டின் பல்லுகளையும் கூட்டி, கூடிய தொகையில் பாதி எத்தனையோ அத்தனை கண்ணி அதிகம் தேவைப்படும். 14/48இல் ஆறு பல்லுக் கூடுவதால் மூன்று கண்ணி வேண்டும். செயினை இரண்டிரண்டாகத்தான் கூட்டலாம். ஆகவே இரண்டைக் கூட்டி அக்சிலை (பின்சக்கர அச்சை) முன்னுக்குத் தள்ள வேண்டும், அல்லது நான்கைக் கூட்டிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 13/45இல் மொத்தம் இரண்டு பல்லுத்தான் கூடுகிறது. ஒரு கண்ணி. 428 செயினின் கண்ணி 12.7 மி.மீ., அக்சில் நகர்வது அதில் பாதி, சுமார் 6 மி.மீ. அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருந்தால் இருக்கும் செயினிலேயே பார்த்துவிடலாம். புதுச் செயின் போடுவதென்றால் இரண்டு கண்ணி கூட்டி, அக்சிலை 6 மி.மீ. பின்னுக்கு எடுப்பது நல்லது. பின்சக்கரம் பின்னுக்குப் போனால் ஏற்றத்தில் முன்பக்கம் இலகுவில் தூக்காது, கொஞ்சம் உயரமான டயருக்கும் இடம் கிடைக்கும்.

இன்னொன்று, 48 பல்லு ஸ்ப்ரொக்கெட் மூடிய செயின் கவருக்குள் உரசும். கவரைக் கழற்றி வீசிவிட்டு ஓடுபவர்கள் நிறையப் பேர். மழைக்காலத்தில் அப்படி ஓடும் செயின், கவருக்குள் ஓடும் செயினின் ஆயுளில் பாதிகூடத் தாங்காது. செம்மண் கூழில் இருக்கும் மணல் கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னிலும் (ஊசியிலும்) அரத்தைப் போல வேலை செய்யும். கவர் இருக்கட்டும். அடியிலுள்ள தண்ணீர்த் துளையை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அது அடைபட்டால் கவரே சேற்றுத் தொட்டியாகும்.

முன்னுக்கு 12 போடச் சொல்லும் கராஜ் பாஸ்மாரும் உண்டு. போடாதீர்கள். சிறிய பல்லில் செயின் கூர்மையாக மடங்கி, பின்னும் புஷ்ஷும் விரைவில் தேயும். ஸ்விங்ஆம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேலுள்ள றப்பரையும் செயின் அறுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து இறக்கத்தில்தான். பாசி பிடித்த கல்லில் முதல் கியரில் அக்சிலேட்டரை மூடிய கணமே இன்ஜின் பிடிப்பு (இன்ஜினே சக்கரத்தை மெதுவாக்குவது) மிஞ்சிப் பின்சக்கரம் சறுக்கும். இன்ஜின் பிடிப்பு வேண்டும், ஆனால் டயர் தாங்கும் அளவுக்கே வேண்டும். அந்த எல்லை எங்கள் பாதைகளில் 3.5க்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஏ7 வீதியில் கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைப் பக்கம் இறங்கும்போது, டொப் கியரில் 60இல் ஓடினால் முன்பு 69இல் கேட்ட சத்தம் கேட்கும். பெற்றோலும் அதற்கேற்பக் கூடும். மாதத்தில் பாதி நாள் அவிசாவளை, கொழும்பு ஓடுபவருக்கு 13/42 போதும். வேக மீற்றர் முன்சக்கரத்திலிருந்து கேபிள் எடுக்கும் பைக்குகளில் காட்டும் வேகம் மாறாது. கியர்பொக்ஸ் பக்கத்திலிருந்து எடுப்பவற்றில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

ஸ்ப்ரொக்கெட் வாங்கும்போது ஒரு சிறிய அரத்தைக் கையோடு கொண்டு போங்கள். பல்லின் ஓரத்தில் மெதுவாக இழுத்தால் நல்ல உருக்கில் அரம் வழுக்கும், பதப்படுத்தாத இரும்பில் கடிக்கும். கடித்தால் எடுக்க வேண்டாம், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும். செயினுக்குக் கடை சொல்லும் இலக்கத்தையும் பாருங்கள். 420க்கும் 428க்கும் கண்ணி நீளம் ஒன்றே, அகலம்தான் வேறு. 428 ஸ்ப்ரொக்கெட்டில் 420 செயின் உட்காராது. 420 ஸ்ப்ரொக்கெட்டில் 428 உட்கார்ந்துவிடும், பக்கவாட்டில் ஆடி ஆடித் தேயும்.

மாட்டும் வேலை பெரிதல்ல. முன் ஸ்ப்ரொக்கெட்டைப் பிடிக்கும் தகட்டின் இரண்டு போல்ட்களைச் செயின் பைக்கில் இருக்கும்போதே, பின்ப்ரேக்கை அழுத்திக்கொண்டு தளர்த்துங்கள். செயினைக் கழற்றிய பிறகு ஷாஃப்ட் சுழலும், ஸ்பேனர் வழுக்கி விரல் போகும். பழைய ஸ்ப்ரொக்கெட் ஷாஃப்ட்டின் மேல் ஆடினால் ஸ்ப்ளைனை (ஷாஃப்ட்டில் வெட்டிய வரிகளை) பாருங்கள். அது தேய்ந்திருந்தால் புதுப் பல்லும் அதே கதிதான். ஷாஃப்ட் சீலில் எண்ணெய் கசிந்தால் அப்போதே மாற்றுங்கள். பின்பக்கத்தில் ஹப்புக்குள் இருக்கும் நான்கு றப்பரையும் எடுத்து அழுத்திப் பாருங்கள். விகிதம் கூடியதும் இழுவையின் அதிர்ச்சியும் கூடும், இறுகிப்போன றப்பர் அதைத் தாங்காமல் ஒவ்வொரு அக்சிலேட்டர் திருப்பலுக்கும் ‘டக்’ என்று அடிக்கும். செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லொக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புல்லிலோ கல்லிலோ சிக்கி ஒருநாள் கழன்றுவிடும்.

செயின் தேய்மானத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பாருங்கள். இழுத்துப் பிடித்து 21 பின்களின் நடுவிலிருந்து நடுவுக்கு, அதாவது 20 கண்ணி. புதிதில் 254 மி.மீ., 259 வந்தால் முடிந்தது. முன் ஸ்ப்ரொக்கெட், பின் ஸ்ப்ரொக்கெட், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மழைக்காலத்தில் சாதாரணச் செயினை மண்ணெண்ணெயில் துலக்கித் துடைத்து 90 கியர் எண்ணெய் விடுவதே போதும். கிறீஸ் பூசினால் மணலை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தொய்வைப் பயணச் சுமையோடு பார்ப்பது அவசியம். பால் சேகரிப்பவர் 40 லீற்றர் பின்னுக்குக் கட்டினால் அது பாலே 41 கிலோ, கேன் வேறு. ஸ்டாண்டில் சரியாக இருந்த செயின் அந்தப் பாரத்தில் கம்பியாக இறுகும்.

டயருக்கு வருவோம். காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

அகல இடைவெளி விட்ட உயரமான கட்டை டயர் ஆழமான சேற்றில் கெட்டிக்காரன். தோட்டப் பாதையில் ஆழமான சேறு எவ்வளவு தூரம் இருக்கிறது? லயத்துக்குத் திரும்பும் முடக்கிலும் லொறி திருப்பும் இடத்திலும் கொஞ்சம். மிச்சமெல்லாம் ஈரக் கல்லும் கொங்கிரீட்டும். அங்கே தரையைத் தொடுவது சில கட்டைகளின் தலை மட்டும், வளைவில் அவை மடங்கி வழுக்கும். கார்பட் றோட்டில் நடுக்கட்டைகள் சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகும். ஈரக் கல்லில் பிடிப்பதைத் தீர்மானிப்பது வடிவத்தைவிட றப்பரின் மென்மை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத டயர் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் மழையில் உதவாது.

அதனால் பின்னுக்கு நெருக்கமான கட்டைகள் உள்ள, றோட்டுக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதியான டயர், முன்னுக்கும் அதே வகை. பின்னுக்கு மட்டும் ட்ரெயில் டயர் போட்டு, முன்னுக்குப் பழைய வரி டயரை விடுவது எங்கும் காணும் வழக்கம். ஏறுவதற்கு அது சரி. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னுக்கு வரும், திருப்புவதும் நிறுத்துவதும் முன்டயர்தான். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முன்டயரை வாங்குங்கள்.

அளவை மிஞ்சவும் வேண்டாம். 3.00-18க்குப் பதில் 3.50-18 போட்டால் சக்கரத்தின் உயரம் சுமார் 4 சதவீதம் கூடும். ஸ்ப்ரொக்கெட்டில் சம்பாதித்த இழுவையில் கால்வாசியை அது விழுங்கிவிடும், போதாததற்குச் செயின் கவரிலும் உரசும். செரோ, எக்ஸ்ஆர் போன்ற யப்பான் ட்ரெயில் பைக்கில் இருக்கும் 21 அங்குல முன்சக்கரத்தை 100 சிசியில் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். ஃபோர்க்கும் மட்காடும் அதற்கு இடம் தராது.

மட்காட்டில் ஒரு மெய்யான ஆபத்து இருக்கிறது. கட்டை டயர் செம்மண்ணை அள்ளி மேலே கொண்டு போகும், முன்மட்காட்டுக்குள் அது இறுகினால் சக்கரம் இறக்கத்தின் நடுவில் பூட்டிக்கொள்ளும். வெட்டி எறிவதும் தவறு. தகர மட்காட்டின் தாங்கி ஃபோர்க் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, அது இல்லாவிட்டால் முன்பக்கம் முறுகும். பட்டை இரும்பில் சிறிய ப்ராக்கெட் வெட்டி மட்காட்டை 20 மி.மீ. உயர்த்துவதே சரியான வழி. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மேலே இடிக்காததையும் உறுதி செய்யுங்கள்.

காற்று: தனியாள் என்றால் சேற்றுக் காலத்தில் முன்னுக்கு 20, பின்னுக்கு 22 பிஎஸ்ஐ. சுமை ஏற்றினால் பின்னுக்கு 32க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கல்லில் அடிபட்டு டியூப் றிம்மில் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். காற்றைக் குறைத்து ஓடும்போது டயர் றிம்மில் மெல்ல நகர்ந்து வால்வை இழுக்கும். வால்வின் நட்டை றிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் மேலேற்றி விடுங்கள். வால்வு சாய்ந்தால் கண்ணில் படும், காற்றிறக்கி டயரை நேராக்கலாம். றிம்மோடு இறுக்கினால் சாய்வதற்குப் பதிலாக அடியோடு கிழியும், அந்த டியூபை ஒட்டவும் முடியாது.

டிரம் ப்ரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. விகிதத்தைக் கூட்டியதும் இன்ஜின் பிடிப்புக் கூடுவதால் இறக்கத்தில் ப்ரேக் சூடு குறையும். இந்த மாற்றத்தின் மிகப் பெரிய இலாபம் அதுதான். ஆனால் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவருக்கு எந்த ஸ்ப்ரொக்கெட்டும் உதவாது. தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் கடந்ததும் இரண்டு ப்ரேக்கையும் மெதுவாக அழுத்திச் சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். லைனிங் 2 மி.மீ. ஆனால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் டிரம்மைத் திறந்து களியைத் தட்டி, லைனிங் கண்ணாடி போல மினுங்கினால் மணல் தாளால் தேய்த்துவிடுங்கள்.

காபரேட்டரில் கை வைப்பது கடைசி வேலை. கீழ்நாட்டில் டியூன் செய்த பைக் கந்தப்பளையில் பெற்றோலை அதிகம் குடிக்கும், ப்ளக் கரியாகும். மெயின் ஜெட்டை (பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் துளையை) ஓரளவு சிறிதாக்கினால் சுத்தமாக இழுக்கும். அதே ஜெட்டோடு கீழ்நாட்டுக்கு இறங்கி நீண்ட தூரம் விரட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். அடிக்கடி மேலும் கீழும் போகிறவர் ஜெட்டைத் தொடாமல் விடலாம்.

சேற்றில் பிடிப்புக்காகப் பின்சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றுவதை எவருக்கும் சொல்ல மாட்டோம். ஸ்விங்ஆமுக்கும் டயருக்கும் நடுவில் அதற்கு இடமே இல்லை, ப்ரேக் றொட்டைப் பிடுங்கிவிடும். தும்புக் கயிறு வேறு விடயம். கம்பி றிம் என்றால் ஆறு எட்டு இடத்தில் தனித்தனித் துண்டாகக் கட்டி, மோசமான ஒரு முடக்கை மட்டும் தாண்டலாம். ஒரே நீளக் கயிற்றைச் சுற்றினால் ஓரிடத்தில் அறுந்ததும் முழுவதும் அவிழ்ந்து செயினுக்குள் போகும். தாண்டியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

மழைக்காலம் முழுக்கச் சேற்றில்தான் தொழில் என்பவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது பழைய பின்சக்கரம் ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் முழுக் கட்டை டயரை ஏற்றி வைப்பது. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை அதை மாட்டலாம். அப்புத்தளை, ஊவாப் பக்கம் மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. செயின் கவருக்குள் ஸ்ப்ரொக்கெட்டைத் தனியே விட்டுச் சக்கரம் மட்டும் கழலும் வகை ஹப் என்றால் மாற்றுவது இலகு. ஸ்ப்ரொக்கெட்டும் சேர்ந்து வரும் வகை என்றால் இரண்டு சக்கரத்திலும் ஒரே பல்லு எண்ணிக்கை, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் ஏற்றினால் அந்தப் பருவம் முடியுமுன் பல்லு கொக்கியாக வளைந்துவிடும்.