ஸ்கைடைவிங் ஹெல்மெட்: ஓபன் ஃபேஸா ஃபுல் ஃபேஸா, கூடவே உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் பத்தி கொஞ்சம்

மதுரைல ஸ்கைடைவிங் சாமான் விக்கிற கடைய நான் பாத்ததே இல்ல, அதனால ஹெல்மெட் வேணும்னா ஒண்ணு வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வரவழைக்கணும், இல்ல கோர்ஸ் போற எடத்துலயே தலைல மாட்டிப் பாத்து வாங்கணும். நான் பட்டாயா பக்கம் கோர்ஸ் முடிச்சப்ப அங்க இருந்தவங்கள்ட்ட மூஞ்சி தொறந்திருக்குற ஓபன் ஃபேஸ், மூஞ்சிய மூடுற ஃபுல் ஃபேஸ்னு ரெண்டு வகையும் வாங்கிப் போட்டுப் பாத்துட்டு கடைசில ஓபன் ஃபேஸ்தான் எடுத்தேன், அதத்தான் இப்பவும் போடுறேன்.

மொதல்ல ஒண்ணு. ஊருக்கு வந்தா எல்லா பயலும் கேக்குறது, "ண்ணே, டவுன்ஹால் ரோட்ல பைக் ஹெல்மெட் வாங்கி மாட்டிக்கிட்டா பத்தாதா?" பத்தாதுடா தம்பி. பைக் ஹெல்மெட் கனம், பாராசூட் படார்னு விரியிறப்ப அம்புட்டு கனமும் கழுத்துலதான் இறங்கும், அடி விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கிறதால கயிறு சிக்கவும் வாய்ப்பு உண்டு, உயரத்த காதுல கத்திச் சொல்ற ஆடிபிள் வைக்க எடமும் கிடையாது.

ஃபுல் ஃபேஸ் பாக்க கெத்தா இருக்கும், நான் ஒத்துக்குறேன். காத்து சத்தம் கொறையும், தனியா காகிள்ஸ் வேணாம், குளிர் மூஞ்சில அறையாது. ஆனா ப்ளேன்ல வைசர மூடிக்கிட்டு உக்காந்தா மூச்சு பட்டு பனி பிடிச்சுக்கும், அதனால குதிக்கிற வரைக்கும் தூக்கி வச்சுக்கணும். ஒத்தக் கையால வைசர் தொறக்க வரலைன்னா அத வாங்கவே வாங்காதீங்க. இன்னொன்னு யாரும் சொல்ல மாட்டாங்க: பேக்க மாட்டிக்கிட்டு ஹெல்மெட்டோட குனிஞ்சு நெஞ்சப் பாருங்க. வலது பக்கம் மெயின் பாராசூட்ட கழட்டி விடுற கட்அவே ஹேண்டில், இடது பக்கம் அவசரத்துக்கு வச்சிருக்குற ரெண்டாவது பாராசூட்ட தொறக்குற ரிசர்வ் ஹேண்டில், ரெண்டும் கண்ணுல படணும். எனக்கு ஒரு ஃபுல் ஃபேஸ்ல தாடைப் பக்கம் மறைச்சு, தலைய ரொம்ப மடக்குனாத்தான் தெரிஞ்சுச்சு, அங்கயே கழட்டி குடுத்துட்டேன். விலையும் நல்ல ஃபுல் ஃபேஸ் 400 டாலருக்கு மேல போயிருது, அதுக்கு மேல கஸ்டம்ஸ் வேற.

ஓபன் ஃபேஸ்ல காத்து காதுல கத்தும், அத மறுக்க முடியாது. ஆனா இன்ஸ்ட்ரக்டர் நம்ம மூஞ்சியப் பாக்கலாம், ரேடியோவும் ப்ளேன்ல பேசுறதும் தெளிவாக் கேக்கும். புதுசா குதிக்கிறவங்களுக்கு இது போதும்ங்கிறது என் கணக்கு, மிச்சக் காச ஆல்டிமீட்டர்ல போடுங்க.

ஆடிபிள்னா காதோரம் ஹெல்மெட் பாக்கெட்ல சொருகுற குட்டிப் பொட்டி, நாம செட் பண்ற உயரத்துல கீச்சுனு கத்தும். நான் 5,000, 4,000, 3,000 அடின்னு வச்சிருக்கேன். பாக்கெட் காது ஓட்டைக்கு நேரா இருக்கணும், தள்ளி இருந்தா காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்காது. வீட்ல டெஸ்ட் பண்ணப்ப அம்மா கேஸ் லீக் அலாரம்னு நெனச்சு அடுப்பங்கரைக்கு ஓடிட்டாங்க, அம்புட்டு சத்தம், ஆனா மேல அதே சத்தம் சன்னமாத்தான் கேக்கும். அத நம்பி கைல கட்டுன ஆல்டிமீட்டர பாக்காம இருக்கிறது பெரிய ஆபத்து. பேட்டரி போகும், காது அடைக்கும், செட்டிங் மாறியிருக்கும். கைல கட்டுறதுதான் முதல், ஆடிபிள் துணைக்கு.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா நேரம் கொஞ்சம். 13,000 அடில குதிச்சா மொத ஆயிரம் அடிக்கு பத்து செகண்ட் கிட்ட ஆகும், அப்பறம் வேகம் பிடிச்சதும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அஞ்சரை செகண்ட்தான். கொடைக்கானல் மலைக்கு ஒரு நா முள்ளு வச்ச ஆல்டிமீட்டர மதுரைல ஜீரோ பண்ணிட்டு காருல எடுத்துட்டுப் போனேன், ஏரிகிட்ட 6,000 அடி தாண்டி நின்னுச்சு. அந்த ஒசரத்த காரு மணிக்கணக்குல வளைஞ்சு வளைஞ்சு ஏறுச்சு, பாராசூட் விரியிறதுக்கு முன்னாடி விழுற ஃப்ரீஃபால்ல அது 35 செகண்ட் சமாச்சாரம். மாணவர்கள 5,500 அடில பாராசூட்ட இழுக்கச் சொல்றாங்க, அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கமான யுஎஸ்பிஏ ரூல்ல மொத லைசென்ஸான ஏ லைசென்ஸ்காரங்க 3,000 அடிக்கு கீழ இழுக்கவே கூடாது. நடுவுல 2,500 அடிதான், 14 செகண்ட்ல காலி. ஸைப்ரஸ் மாதிரி தானா ரிசர்வ் தொறக்குற மெஷின் எக்ஸ்பர்ட் மாடல்ல 750 அடி கிட்டத்தான் வேலை செய்யும், அத எதிர்பாத்து யாரும் குதிக்கிறதில்ல.

இன்னொரு வேடிக்கை, மேசைல வச்ச ஆல்டிமீட்டர் காலைல ஒரு இடத்துலயும் சாயங்காலம் நூலளவு தள்ளியும் காட்டும், காத்தழுத்தம் மாறுறதால. அதனால ஒவ்வொரு தடவையும் ஜீரோ பாக்கணும். விமானத்துல மதுரை வந்து இறங்குறப்ப கைல கட்டிக்கிட்டு யானைமலையப் பாத்து உயரம் சரிபாக்கலாம்னு நெனைக்காதீங்க, கேபின் அழுத்தத்தத்தான் அது காட்டும். ஜம்ப் ப்ளேன்ல அப்படி இல்ல, அங்க கண்ணால கண்மாய், ரோடு, வீடு எவ்ளோ பெருசாத் தெரியுதுன்னு பாத்து மொதல்ல உயரத்த நீங்களே சொல்லிட்டு, அப்பறம் கைய பாருங்க, கொஞ்ச நாள்ல கண்ணு பழகிரும். மல்லாந்து பறக்குறப்ப கை முதுகுக்குப் பின்னால போனா அங்க காத்து கலைஞ்சு கெடக்கும், சில நூறு அடி தப்பாக் காட்டலாம், அதையும் மனசுல வைங்க.

சைஸ் எடுக்க தையல்காரர் டேப்பு போதும், குன்னத்தூர் சத்திரத்துல நம்ம மாமாகிட்ட போய் புருவத்துக்கு மேல சுத்தி அளவெடுத்தேன், அவரு "என்ன மாப்ள, தலப்பாக் கட்டா?"ன்னு சிரிச்சாரு. போட்டு பட்டைய மாட்டிட்டு பின்னாடி இருந்து முன்னால தள்ளிப் பாருங்க, நெத்திக்கு உருண்டு வந்தா பெருசு. பழசு வாங்குறதா இருந்தா உள்ள ஃபோம் தூக்கி ஓட்டுல வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும், முன்னாடி எங்கிட்ட ஒரு ஆள் விக்க வந்ததுல ஸ்டிக்கர் ஒட்டி வெடிப்ப மறைச்சிருந்தாப்ல. ஆன்லைன்ல வாங்குனா சைஸ் மாத்தித் தருவாங்களான்னு கேட்டுட்டு பணம் போடுங்க, திருப்பி அனுப்புற கூரியர் செலவு நம்ம தலைலதான் விழும். கேமரா மவுண்ட் இப்ப வேணாம், ரீல்ஸ் ஆசை இருந்தாலும் யுஎஸ்பிஏ 200 ஜம்ப்புக்கு அப்பறம்தான் கேமரா எடுக்கச் சொல்லுது.