அம்பர் ஏல்: லேபிளில் லண்டன், மூக்கில் கித்துள் புகை

இந்தப் பியரைக் கிளாஸில் ஊற்றியதும் பிளேன்டீதான் நினைவுக்கு வரும். மலைநாட்டுத் தேயிலையை மூன்று நிமிடம் ஊறவிட்டு வடித்த நிறம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் செம்பு மின்னுகிறது. லாகரின் மஞ்சளுக்கும் ஸ்டவுட்டின் கறுப்புக்கும் பழகிப்போன கொழும்பில் இந்த நடுநிறமே ஒரு புதினம். நுரை இரண்டு விரல் உயரம், பாலாடை நிறம், நான்கைந்து நிமிடம் நிற்கிறது. நிற்காவிட்டால் பியரைக் குறை சொல்ல முதல் கிளாஸைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த துணியால் துடைத்த கிளாஸில் எந்த நுரையும் அரை நிமிடம் தாங்காது.

ஒரே ஒரு தொகுதி காய்ச்சி, முடிந்தால் முடிந்ததுதான் என்று விற்கப்படுகிற அம்பர் ஏல் இது; ஏல் என்பது லாகரைப்போல ஒரு பியர் வகை. 330 மி.லீ. பழுப்புப் போத்தல், மதுசாரம் 5.4 வீதம். பெயரை இங்கே போடவில்லை. புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்துக்கு இடம் தராது; பாராட்டும் விமர்சனம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

முன் லேபிளில் ‘பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் அம்பர் ஏல்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானங்கள்: பேல் மோல்ட், அம்பர் மோல்ட், கிறிஸ்டல் மோல்ட் (மோல்ட் என்றால் முளைவிட்டுக் காயவைத்த வாற்கோதுமை), கித்துள் பாணி, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹொப்ஸ், ஃபகிள் ஹொப்ஸ் (கசப்பும் வாசமும் தரும் பூ), மதுவம் (ஈஸ்ட்). இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்தால் கணக்கு இடிக்கிறது.

அம்பர் மோல்ட் அந்தக் காலத்துச் சரக்குத்தான், அதில் பிழையில்லை. முளைவிட்ட வாற்கோதுமையைச் சூளையில் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் காயவைத்தார்கள் என்பதைப் பொறுத்து பேல் (வெளிர்), அம்பர், பழுப்பு என்று லண்டன்காரர்கள் பிரித்து வாங்கினார்கள். 1784இல் ஜோன் ரிச்சட்சன், கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் சக்கரோமீற்றரை வைத்து மோல்ட்டிலிருந்து கரைந்து வருவதை அளக்கும் முறையை அச்சில் கொண்டுவந்தார். அளந்து பார்த்தால் பழுப்பு மோல்ட் மலிவாகத் தெரிந்தாலும் கரைந்து வருவது குறைவு. போட்ட காசுக்கு பேல் மோல்ட்தான் லாபம். பிறகு 1817இல் டானியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல மோல்ட்டை உருளையில் வறுப்பதற்குக் காப்புரிமை எடுத்தார். நிறத்துக்கு அந்தக் கறுப்பு மோல்ட்டில் கொஞ்சம் போதும் என்றானதும், நிறத்துக்காக அம்பரையும் பழுப்பையும் மூட்டைகணக்கில் கொட்டவேண்டிய தேவை போய்விட்டது.

இங்கேதான் பழைய செய்முறையைத் தூக்கிக்கொண்டு வருகிற பலர் குழியில் விழுகிறார்கள். அன்றைய அம்பர் மோல்ட்டில் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியம் மிச்சமிருந்தது. ஆகவே அதைப் பெரும்பங்காகப் போட்டே ஏல் காய்ச்ச முடிந்தது. இன்று அம்பர் என்று விற்கப்படுவது, ஏற்கெனவே காய்ந்த பேல் மோல்ட்டை மறுபடி உருளையில் வறுத்தது. நொதியம் செத்துவிடும். மொத்த மோல்ட்டில் 10 வீதம் போட்டால் பிஸ்கட் வாசம் தரும். 20 வீதத்தைத் தாண்டினால் வறட்சியும் துவர்ப்பும் மேலெழும். பழைய குறிப்பில் ‘பாதிக்குப் பாதி’ என்று இருப்பதை இன்றைய சரக்கில் அப்படியே செய்தால், சர்க்கரையாகாத மாவு கலங்கி நிற்கிற, நாக்கைப் பிடிக்கிற ஒரு கஞ்சிதான் கிடைக்கும். இந்த ஏலைக் காய்ச்சியவர்கள் குழியில் விழவில்லை, விளிம்பில் நிற்கிறார்கள். தொண்டையில் தங்குகிற துவர்ப்பை வைத்துச் சொன்னால் அம்பரின் பங்கு 15 வீதத்துக்குக் குறையாது.

மற்றவை காலத்துக்கு ஒட்டவில்லை. கிறிஸ்டல் மோல்ட் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புழக்கத்துக்கு வந்த சரக்கு. ஃபகிள் ஹொப்ஸும் அந்த நூற்றாண்டின் பிற்பாதிதான். கோல்டிங்ஸுக்கு மட்டும் 1790கள்வரை பின்னால் போகலாம். சீனி வகைகளை எடுத்துக்கொண்டால், பிரித்தானியாவில் பியரில் அவற்றைச் சேர்க்க, இடைக்கிடை கொடுத்த விலக்குகளைத் தவிர, 1847வரை சட்டம் விடவில்லை. மோல்ட்டுக்கு வரி வாங்கிக்கொண்டிருந்த அரசாங்கம் வரி கட்டாத இனிப்பை அண்டாவுக்குள் இறங்க விடுமா?

அப்படியிருந்தும் இந்தப் போத்தலைத் திரும்ப வாங்க வைப்பது கித்துள் பாணிதான். இனிப்பு அதிலிருந்து வருகிறதென்று குடிப்பவர்கள் நினைப்பார்கள். வரவில்லை. பாணியில் உள்ளது பெரும்பாலும் சுக்குரோசு, அதாவது சாதாரண சீனி. மதுவம் அதைத் துடைத்து வழித்துத் தின்று மதுசாரமாக்கிவிடும். நாக்கில் தங்கும் இனிப்பு கிறிஸ்டல் மோல்ட்டுடையது; அதிலுள்ள சர்க்கரைகளில் ஒரு பகுதியை மதுவத்தால் உடைக்க முடியாது. பாணி விட்டுப்போவது வாசத்தை மட்டும்: திறந்த தாச்சியில் விறகடுப்பின் மேல் மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்த பதநீரின் புகை. விறகில் காயவைத்த பழைய மோல்ட்டில் இருந்ததும், இன்றைய சூடுகாற்றுச் சூளையில் காணாமற்போனதும் இப்படியொரு விறகுப் புகைதான். சரித்திரத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு பொருள் சரித்திரத்தில் தொலைந்த வாசத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. தெரிந்து செய்தார்களா, தற்செயலா என்று லேபிள் சொல்லவில்லை. சீனிப்பாகு கலந்த பாணியில் இந்தப் புகை இருக்காது. ஆகவே யாரோ நல்ல பாணி தேடி வாங்கியிருக்கிறார்கள். கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால்தான் வாசம் ஆவியாகிப் போகாது. நொதித்து முடிந்தபின் பச்சையாகச் சேர்த்தால் போத்தலுக்குள் மறுபடி நொதித்து, மூடியைத் திறந்ததும் மேசை முழுக்கப் பொங்கும். திறந்த போத்தல்கள் எதுவும் பொங்கவில்லை.

எந்தச் சூட்டில் குடிப்பது என்பதுதான் இந்த ஏலுக்கு எல்லாம். 4 பாகை செல்சியஸில், அதாவது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தால், கசப்பும் துவர்ப்பும் முன்னுக்கு நின்று, அளவுக்கு மிஞ்சி ஊறிய தேநீரைக் குளிரவைத்துக் குடித்ததுபோல் இருக்கும். குளிர் இனிப்பை அமுக்கும், வாசத்தை எழும்ப விடாது, துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். மேசையில் கால் மணித்தியாலம் வையுங்கள். கொழும்புச் சூட்டில் அது 10 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போதுதான் முதலில் ரோஸ் பாணின் கரிந்த ஓரம், அதன் பின்னால் கித்துள் புகை, கடைசியில் கோல்டிங்ஸின் தோடம்பழத் தோல் வாசம் என்று ஒவ்வொன்றாக அவிழும். 14 பாகையைத் தாண்டினால் மதுசாரம் தனியாக மணக்கத் தொடங்கும். அந்த இடைவெளிக்குள் போத்தலை முடித்துவிடுங்கள். பார்களில் உறைபனி படிந்த மக்கில் ஊற்றித் தருவார்கள். சாதாரண கிளாஸ் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். ஐஸ்கட்டி போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஊற்றும்போது கிளாஸைச் சரித்துப் பிடித்து ஒரே மூச்சில் ஊற்றி, போத்தலின் அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள். வடிகட்டாத பியர், அடியில் மதுவம் படிந்திருக்கும். அதைக் குலுக்கி ஊற்றினால் கலங்கலோடு பாண் மாவின் பச்சை வாசமும் சேரும். குடித்தால் கேடில்லை, வாசம்தான் மூடிப்போகும்.

ஒரே தொகுதிப் போத்தல்களை இரண்டு இடத்தில் வாங்கி அருகருகே வைத்தால் கதை வேறு. குளிரூட்டிய அலுமாரியில் இருந்ததில் மேலே சொன்னதெல்லாம் இருந்தன. வாசலோரத் தட்டில், வெயில் படாத ஆனால் புழுங்குகிற இடத்தில் இருந்ததில் கரிந்த பாண் வாசம் மங்கி, நனைந்த கார்ட்போர்ட் பெட்டியின் வாசம் ஏறியிருந்தது. ஹொப்ஸ் அநேகமாகக் காணவில்லை. மூடிக்குள் மாட்டிக்கொண்ட கொஞ்ச ஒட்சிசனும் சூடும் சேர்ந்து செய்த வேலை இது. 10 பாகை கூடினால் இந்தப் பழுதின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். ஐரோப்பாவின் நிலவறையில் அரை வருடம் தாங்கும் பியர் கொழும்புத் தட்டில் இரண்டு மாதத்தில் கிழமாகிவிடும். கடைக்காரர் ‘நேற்றுத்தான் வந்தது’ என்று சொன்னாலும் போத்தல் கழுத்திலுள்ள திகதியைப் பாருங்கள். போயாவுக்கு முதல்நாள் வாங்கி வைப்பவர்கள் குசினி மேசையில் விடாமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் அடிமண்டி பக்கவாட்டில் ஒட்டி, ஊற்றும்போது கிளம்பும்.

லண்டனை லேபிளில் ஏற்றியதற்குப் பதிலாக நுவரெலியாவை ஏற்றியிருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். 1840களின் கடைசியில் அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் அந்தக் குளிரில்தான் பியர் காய்ச்சத் தொடங்கினார். பின்னாளில் கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்கு இறங்கிவந்த லயன் பியர் நிறுவனத்தின் வேரும் அந்த மலையில்தான். காரணம் சுலபம். ஏல் மதுவம் 18 முதல் 20 பாகைவரை ஒழுங்காக வேலை செய்யும். சராசரி 16 பாகைக் குளிருள்ள நுவரெலியாவில் இயந்திரம் இல்லாமலே அது சாத்தியம். கொழும்பில் அறையின் சூடே 28, நொதிக்கும்போது தொட்டிக்குள் இன்னும் சில பாகை ஏறும். அந்தச் சூட்டில் வாழைப்பழ வாசமும், கனத்த மதுசாரங்களும்தான் மிஞ்சும். இந்த ஏலில் வாழைப்பழம் இல்லை, நொதிச்சூட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். பட்டர் வாசம் மட்டும் நூல் அளவுக்கு உண்டு. நொதித்து முடிந்தபின் அதே சூட்டில் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மதுவமே அதைத் தின்று தீர்த்திருக்கும். விற்பனைத் திகதிக்கு அவசரப்பட்டிருக்கிறார்கள் போலும்.

கடிக்க என்ன? டெவல் கணவாயைத் தவிர்த்துவிடுங்கள். இந்த அளவு கசப்பு மிளகாயின் எரிவைக் கூட்டும், பிறகு இரண்டுமே ருசிக்காது. மட்டன் ரோல்ஸ் நன்றாகப் பொருந்தும். பொரித்த பாண் தூளின் வாசமும் மோல்ட்டின் வாசமும் உறவுக்காரர்கள். எல்லாவற்றிலும் மேலானது லம்ப்ரைஸ். சீனிச்சம்பலில் நிறம் மாறும்வரை வதங்கிய வெங்காயம் கிறிஸ்டல் மோல்ட்டோடு கைகோக்கிறது, வாழையிலையில் வெந்த வாசம் புகையோடு சேர்கிறது. கறுப்புப் பன்றிக்கறியும் சரிதான், கொறுக்காய்ப் புளி தூக்கலாக இல்லாவிட்டால். முந்திரிப்பருப்பை உப்பு மட்டும் போட்டு வறுத்துத் தந்தால் துவர்ப்பு பாதியாகத் தெரியும்.

விலை, 500 மி.லீ. லாகர் டின் இரண்டின் விலைக்குக் கொஞ்சம் மேல். போதைக்கு வாங்குகிறவருக்கு நட்டம்: இதில் உள்ள மதுசாரம் சுமார் 18 மி.லீ., 4.8 வீத லாகர் டின் ஒன்றில் 24. லாகர் மட்டும் குடித்துப் பழகியவர் முதல் போத்தலிலேயே முகம் சுளிக்கலாம். ஸ்டவுட் பிடித்தவருக்கும், சீனியில்லாத பிளேன்டீ குடிப்பவருக்கும் உடனே பிடிக்கும். ஒருவருக்கு இரண்டு போத்தல் போதும். பெட்டியோடு வாங்கிச் சேர்த்து வைக்கிற பியர் இதுவல்ல. அடுத்த தொகுதி காய்ச்சினால் அம்பரை 10 வீதத்துக்கு இறக்கிப் பாணியை அப்படியே வைத்திருக்கட்டும்.

இரண்டொரு மாதம் கழித்து மிச்சப் போத்தல்களை வாசல் தட்டில் அடுக்கி அரை விலை போட்டிருப்பார்கள். குளிரூட்டிய அலுமாரியில் இருந்தவை என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், அந்தக் காசுக்கு இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்குங்கள்.