பேனாவா, வாட்டர்கலரா, டேப்லெட்டா: வேலைக்குப் போகிறவர் விடாமல் வரைய எது கைகொடுக்கும்?

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படமாக வரைந்து தள்ளியவர்கள்கூட வேலை, குடும்பம் என்றானதும் வரைவதை விட்டுவிடுகிறார்கள். பல வருடம் கழித்து ஆசை திரும்ப எட்டிப் பார்க்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வாங்கலாம்?" நான் ஒரே அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்வேன். வரையத் தோன்றும் நொடிக்கும் முதல் கோடு விழும் நொடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது? தாளின் தரம், வண்ணத்தின் ஆயுள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாள் முழுக்க உழைத்துக் களைத்தவருக்கு அந்த இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அன்றைக்கு வரைதல் கிடையாது.

இந்த அளவுகோலில் சட்டைப்பை நோட்டும் பேனாவும் மற்ற எல்லாவற்றையும் முந்துகின்றன. ஏ6 நோட்டு என்றால் 105க்கு 148 மி.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும். கடற்கரை–தாம்பரம் ரயிலில் எதிர் சீட்டில் தூங்குகிறவரின் தலை சாய்ந்திருக்கும் கோணம், டீக்கடை பெஞ்சில் ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் விதம், ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கனைப் பிடித்திருக்கும் கை எல்லாம் இரண்டு நிமிடத்தில் நோட்டுக்குள் வந்துவிடும். ஏதோ கணக்கு எழுதுகிறார் என்று நினைத்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பொது இடத்தில் வரையக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பேனாவில் அழிக்க முடியாது. அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். தோள் கோடு தப்பிவிட்டதா, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே போகலாம். இரண்டு கோடும் பக்கத்தில் கிடக்கும், தப்பினது எந்த இடம் என்று அடுத்த நாள் பார்த்தாலும் தெரியும். பென்சிலும் ரப்பரும் வைத்திருப்பவர் மூக்கையே திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருப்பார், அதற்குள் எதிரே இருந்தவர் மாம்பலத்தில் இறங்கிப் போயிருப்பார். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். தாடையிலும் தோளிலும் எத்தனை கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன! எந்தக் கோட்டையும் அவர் ஒளிக்கவில்லை. எல்லாம் சேர்ந்துதான் அந்த உருவத்துக்கு நடையும் மூச்சும் வருகிறது.

எந்தப் பேனா? பத்து ரூபாய் பால்பாயிண்ட் போதும். அழுத்தத்தைக் குறைத்தால் சாம்பலாகவும் கூட்டினால் கறுப்பாகவும் வருவது அதன் தனிச்சிறப்பு. ஜெல் பேனாவில் அந்த ஏற்ற இறக்கம் கிடைக்காது. கோட்டின் மேல் வண்ணம் பூச ஆசைப்படுகிறவர்கள் நிறமி மை உள்ள பேனாவுக்குப் போக வேண்டும். சகுரா மைக்ரான் போன்றவற்றில் 01 என்றால் 0.25 மி.மீ. கோடு, 05 என்றால் 0.45 மி.மீ. காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கலையாது. சாதாரண ஃபவுண்டன் பேனா மை கரையும். தெரிந்தே ஈர பிரஷ்ஷால் அதை இழுத்து நிழல் போடுகிறவர்களும் உண்டு, அழகாகவே இருக்கும். இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுண்டன் பேனாவுக்குள் ஊற்றாதீர்கள், உள்ளேயே காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.

வாட்டர்கலர் வேறு உலகம். வண்ணத்தில் கிடைக்கும் மகிழ்ச்சியைப் பேனா தராது, இதை மறுப்பதற்கில்லை. மழை விட்ட சாயங்காலம் தார் ரோட்டில் விழும் வெளிச்சத்தைக் கோட்டால் எப்படிச் சொல்வது? ஆனால் அது கேட்கும் ஏற்பாடு அதிகம். தண்ணீர் வேண்டும், துடைக்கத் துணி வேண்டும், உட்கார இடம் வேண்டும், முதல் பூச்சு காயும்வரை பொறுமை வேண்டும். சென்னையில் மழைக்காலத்தில் பூச்சு காயவே காயாது. சித்திரை வெயிலிலோ பிரஷ்ஷை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்து கறையாக நின்றுவிடும். தாளிலும் சிக்கனம் பார்க்க முடியாது. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று சொல்வார்கள். சாதாரண நோட்டின் 80 ஜிஎஸ்எம் தாள் தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும். மெல்லிய பூச்சுக்கு 200 ஜிஎஸ்எம்மாவது வேண்டும், நன்றாக நனைத்து வரைய 300. நல்ல பருத்தித் தாளுக்கு விலை அதிகம். விலை அதிகமான தாளில் கை தயங்குகிறது, பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிடுகிறது. தினசரிப் பழக்கத்துக்கு அந்தப் பயம் ஆகாது.

வண்ணம்தான் வேண்டும் என்கிறவர்கள் ஏற்பாட்டைச் சுருக்கிக்கொள்ளலாம். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் ஒன்று, ஆறு நிறம் மட்டும் உள்ள சின்ன டப்பா. டியூப் வண்ணத்தை அந்த டப்பாவின் காலிக் குழிகளில் பிதுக்கிக் காயவைத்தால் நாமே நிரப்பிக்கொள்ளலாம், செலவும் குறையும். மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஆகிய நான்கையும் வைத்தே நம் ஊர்ச் சுவர், மண், மரம், மனிதர் தோல் எல்லாவற்றையும் கலந்து எடுத்துவிடலாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் வரும் சாம்பல், கடையில் வாங்கும் எந்தக் கறுப்பையும்விட நிழலுக்குப் பொருத்தம். இருந்தாலும் இது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் என்பது என் முடிவு.

இனி டேப்லெட். ஓவியம் படித்தவர்களில் சிலர் இதை ஓவியமே இல்லை என்று ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, விளக்கைப் போட முடியாத அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு வரைய நினைக்கும் ஒரு தாய்க்கு வேறு எந்தக் கருவி உதவும்? தாள் தீராது, வண்ணம் சிந்தாது, பாதியில் எழுந்து போனாலும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். விலைதான் தடை. ஐபேடும் அதன் பென்சிலும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே வராது. அதில் வரைய உதவும் புரோகிரியேட் செயலிக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஆனால் அது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறவர்கள் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் சின்னப் பலகையான பென் டேப்லெட்டை மட்டும் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரையலாம். செலவு பல மடங்கு குறையும். வெளியே தூக்கிப் போக முடியாது என்பதுதான் குறை.

டேப்லெட்டில் எனக்கு இரண்டு மனக்குறை. இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடுகிறது. அழிப்பது இவ்வளவு சுலபமானால் கை ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போடும், கண் முழு உருவத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும். அடுத்தது ஜூம். கண்ணிமையைப் பெரிதாக்கிக் கண்ணிமைக்குள்ளேயே அரை மணி நேரம் போய்விடும், கடைசியில் பார்த்தால் தலை கழுத்தில் உட்காரவே இல்லை. இதற்கு மருந்து உண்டு: ஒரே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் திரைத் தாள்), ஒரே பிரஷ், ஜூமும் போட்ட கோட்டை மறைக்கும் அண்டூவும் இல்லை என்று நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே வாட்ஸ்அப் மணி அடிப்பதற்குத்தான் மருந்து இல்லை. வெயிலில் கண்ணாடித் திரை கூசும், அதனால் வெளியிடங்களில் இது அவ்வளவாக உதவாது.

எதில் வரைவது என்பது முடிந்தால், எப்போது வரைவது என்ற கேள்வி வரும். தினமும் கொஞ்சமா, வாரம் ஒருநாள் நிறையவா? ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய இங்க்டோபர் என்ற சவால், அக்டோபரின் 31 நாளும் மையால் வரையச் சொல்கிறது. சியாட்டிலில் பத்திரிகையாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் என்ற குழுவினருடையது வேறு வழி: இடத்துக்கு நேரில் போய், கண்ணால் பார்த்ததை அங்கேயே வரைவது. நம் ஊருக்கு இது புதிதில்லை. கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் முன் உட்கார்ந்து வரைந்த ஓவியர் சில்பி நமக்கு இருந்தார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு 31 நாள் சவாலை நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல், கல்யாணம், ஆடிட் என்று நடுவில் மூன்று நாள் விட்டுப்போனால் 'இனி எதற்கு' என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறோம். நேரில் போய் வரைவதற்குக் கூட்டம் கிடைத்தால் விடாதீர்கள். மயிலாப்பூர் குளக்கரையில் காலை ஆறரைக்கு நாலு பேர் உட்கார்ந்து வரைந்தால் கூச்சம் தானாகப் போய்விடும். ஒரே கோபுரத்தை நாலு பேர் நாலு விதமாகப் பார்த்திருப்பதைக் கண்டு கற்றுக்கொள்வதை எந்த வீடியோவும் தராது. முழுக் கோபுரத்தையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்காமல் ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கீழே பூக்கடைக்காரம்மாவின் கூடையை. ஆனால் வாரக் கூட்டத்தை மட்டும் நம்பினால் போதாது. நடுவில் ஆறு நாள் சும்மா இருந்த கை, ஞாயிறு காலையில் முதல் ஒரு மணி நேரத்தை உதறலிலேயே கழிக்கும். அந்த ஆறு நாளைக்குத்தான் சட்டைப்பை நோட்டு.

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஏ6 தாளில் முகம் வரைவது கண்ணுக்குத் துன்பம். அவர்கள் ஏ4 அளவில் தடித்த மார்க்கரால் வரையட்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், முட்டி வலியால் வெளியே தரையில் உட்கார முடியாதவர்களுக்கும் நான் தயங்காமல் டேப்லெட்டைச் சொல்வேன். கோட்டை நிலைப்படுத்தும் வசதி அதில் உண்டு, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கிப் பார்க்கலாம். மேலே நான் குறையாகச் சொன்ன ஜூம்தான் அவர்களுக்குத் துணை. மகனோ மகளோ வாங்கித் தர முன்வந்தால் மறுக்க வேண்டாம்.