ஓனர் பழுதுபார்க்க மறுத்தால்: வாடகையில் கழிப்பதா, புகார் கொடுப்பதா, காலி செய்வதா?

கூரை ஒழுகுகிறது, அல்லது ஈரச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. ஓனரிடம் சொன்னால் "பார்க்கலாம்" என்கிறார். இரண்டாம் முறை சொன்னால் "இஷ்டமில்லைன்னா காலி பண்ணிக்கோங்க" என்கிறார். தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த இடத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன: வாடகையை நிறுத்துவது, தானே வேலையைச் செய்து வாடகையில் கழிப்பது, வாடகை அதிகாரியிடம் போவது, காலி செய்வது. கோபத்தில் பலரும் முதலில் கையிலெடுப்பது வாடகையை நிறுத்துவதைத்தான். நான்கிலும் மோசமான வழி அதுவே.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இந்த வழிகளில் சிலவற்றுக்குத் தெளிவான அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. அந்த அளவுகோலுக்குள் நின்றால் குடியிருப்பவரின் கை ஓங்கும். தாண்டினால் நியாயம் இருந்தும் வழக்கில் தோற்க நேரும்.

முதலில், பழுது யாருடையது?

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டட அமைப்பைச் சேர்ந்த பழுதுகள், வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமும் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய்த் திருகு, வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைச் சாதனங்கள், கீசர், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பக்கம்.

தாளில் இது தெளிவு. வீட்டில் அப்படி இருக்காது. எம்சிபி, அதாவது சர்க்யூட் பிரேக்கர், அடிக்கடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்சிபியை மாற்றுவது உங்கள் செலவு. அது விழுவதற்குக் காரணம் சுவருக்குள் இருக்கும் ஒயர் என்றால் ஓனர் செலவு. எல்லா பிளக்குகளையும் கழற்றி, சுவிட்சுகளை அணைத்துவிட்டு எம்சிபியைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் சந்தேகம் ஒயரிங் மேல். ஒரு குறிப்பிட்ட பொருளைப் போட்டதும் விழுந்தால் கோளாறு அந்தப் பொருளில்.

தண்ணீரும் இதே கதைதான். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், பிளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயப்பொடி கரைத்துப் பாருங்கள். பிளஷ் செய்யாமலேயே அரை மணி நேரத்தில் கோப்பையில் நிறம் தெரிந்தால் பிளஷ் தொட்டியில் கசிவு. அது உங்கள் வேலை. நிறம் வரவில்லை என்றால் பெரும்பாலும் சுவருக்குள் ஓடும் பைப், அது அவருடையது. தொட்டி பொதுவானது என்றால் மற்ற வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பழுது இருவருடையதுமாக இல்லாமலும் போகலாம். மீட்டருக்கு முன்னால் உள்ள கோளாறு மின்வாரியத்துடையது. மின்னகம் எண் 94987 94987. சென்னையில் தெருச் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் வந்தால் குடிநீர் வாரியத்தின் 1916. இவற்றுக்காக ஓனரோடு சண்டை போடுவதில் பயன் இல்லை.

எந்த வழியானாலும் கடிதம் இல்லாமல் ஆகாது

போனில் பத்து முறை சொன்னதற்குச் சாட்சி இல்லை. வாட்ஸ்அப் செய்தி உதவும், ஆனால் போதாது. ஒப்புகை அட்டையுடன் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கவுன்ட்டரில் பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மேற்கண்ட வீட்டில் … தேதி முதல் வாடகைக்கு இருக்கிறேன். சமையலறைச் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய் … தேதி முதல் கசிகிறது. சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறியுள்ளது. … தேதி போனிலும், … தேதி வாட்ஸ்அப்பிலும் தெரிவித்தேன். குழாய் மாற்றுவது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி உரிமையாளர் பொறுப்பு. இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் வேலை தொடங்காவிட்டால், அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி நானே செய்து, மாத வாடகையில் பாதிக்கு மிகாமல் செலவைக் கழித்துக்கொள்வேன். இரண்டு கொட்டேஷன்கள் இணைப்பில்."

மின்கசிவுக்கும் தண்ணீர் அறவே வராததற்கும் மூன்று முதல் ஏழு நாள் கெடு போதும். மற்றவற்றுக்குப் பத்து முதல் பதினைந்து நாள் கொடுப்பது நியாயம். தேதி தெரியும் புகைப்படங்கள், வீடியோ, கடிதத்தின் நகல், தபால் ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

வாடகையை நிறுத்துவது

"வேலையை முடிக்கிற வரைக்கும் ஒரு பைசா கிடையாது" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் கட்டாமலும் விட்டால், அதுவே வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட ஓனருக்குக் கிடைக்கும் காரணம். அதுவரை கூரைக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தவர், அன்று முதல் பாக்கி கேட்கும் வாதியாகிவிடுகிறார். "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவதும் இதே ஆபத்துதான். ஓனர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு.

பழுதைப் பற்றிக் கேட்டதற்காக ஓனர் வாடகையையே வாங்க மறுத்தால், "அவர்தான் வாங்கவில்லை" என்று சும்மா இருக்காதீர்கள். மணியார்டரில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டிவரச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

தானே செய்து கழிப்பது

பைப், ஒயரிங் போன்ற பழுதுகளுக்கு நான்கு வழிகளிலும் இதுவே சிறந்தது. யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் அந்த வாரமே வந்துவிடும். எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்பதுதான் வரம்பு. வாடகை 14,000 ரூபாய், செலவு 28,000 என்றால் மாதம் 7,000 வீதம் நான்கு மாதம் கழியும். அதாவது நான்கு மாதத்துக்கு ஓனருக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். அதனால் செலவு இரண்டு மாத வாடகைக்குள் இருக்கும்போது இது பொருந்தும். அதற்கு மேல் போனாலோ, சீக்கிரம் காலி செய்யும் எண்ணம் இருந்தாலோ பணம் திரும்பாமல் நிற்கும்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் கணக்கில்தான். பிளம்பருக்கு ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதி வாங்கினால் ஓனர் ஏற்க மாட்டார், அதிகாரியும் யோசிப்பார். பொருளுக்குக் கடை பில், கூலிக்குப் பெயர், தேதி, வேலை விவரத்தோடு கையெழுத்திட்ட ரசீது, பணம் யுபிஐ வழியாக என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை உடைத்ததும், பூசி மூடுவதற்கு முன்பும் படம் எடுங்கள். கழற்றிய துருப்பிடித்த ஜிஐ பைப் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இருந்ததற்கு ஈடாக மட்டும் மாற்றுங்கள். கசிந்த பைப்புக்குப் பதில் சிபிவிசி பைப் போட்டது கழிக்கும் தொகைக்குள் வரும். அதோடு சேர்த்துப் போட்ட புது ஷவர் வராது. வாடகையை வங்கி வழியாக அனுப்பும்போது குறிப்பில் மாதத்தையும் கழிவையும் எழுதி, கணக்குத் தாள் ஒன்றையும் அனுப்பிவிட்டால் பிறகு அதைப் பாக்கி என்று சொல்வது கடினம்.

ஷாக் அடிக்கும் வீட்டில் முதலில் மெயினை அணையுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் தொடர்ச்சியைப் பார்க்கச் சொல்லி, கண்டதை எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். பின்னால் எர்த் ஒயரே இருக்காது. மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டால் உயிருக்குக் காவல். அந்தச் செலவை ஓனர் ஏற்காவிட்டாலும் போடுங்கள் என்றுதான் சொல்வோம். அது எர்த்துக்கு மாற்று அல்ல, இரண்டும் வேண்டும்.

இந்த வழிக்குப் பொருந்தாதது கூரை. கான்கிரீட் பெயர்ந்து விழுவது, மேலிருந்து இறங்கும் ஈரத்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளுவதால். கீழிருந்து சிமென்ட் பூசினால் அடுத்த மழைக்குள் அதுவும் விழும். மொட்டைமாடியின் தட்டோடும் வாட்டமும் தண்ணீர் வெளியேறும் குழாயும் முதலில் சரியாக வேண்டும். பிறகு தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சும் பாலிமர் கலந்த கலவையும் போட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். இவ்வளவையும் குடியிருப்பவர் தன் பொறுப்பில் செய்தால், நாளை விரிசல் வந்தாலும் "நீதானே கொத்தினாய்" என்ற பழி வரும். செப்டிக் டேங்க்கும் இப்படித்தான். அவசரத்தில் ஆளை உள்ளே இறக்கிவிடாதீர்கள். அது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். லாரி கொண்டு உறிஞ்சி எடுப்பது ஒன்றே வழி.

வாடகை அதிகாரியிடம் போவது

துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் வாடகை அதிகாரியாக இருப்பார். கூரை, பொது மோட்டார், மாடிப்படி, எல்லாப் போர்ஷனுக்கும் ஓடும் பைப் போன்றவற்றுக்கு இதுவே சரியான இடம். ஓனர் பழிவாங்கத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் தாமதமே வேண்டாம். அத்தியாவசிய வசதியை நிறுத்துவதைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடை செய்கிறது. உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

குறை, காலம். கழிக்கும் வழியில் வாரத்தில் முடிவது இங்கே மாதங்கள் ஆகலாம். அதைவிடப் பெரிய தடை, பதிவு செய்யாத ஒப்பந்தம். முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி இருவரும் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதிவு இல்லாதவர் அங்கே போய் நின்றால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108 ஓரளவு கைகொடுக்கும்: செய்யக் கடமைப்பட்ட பழுதை, நோட்டீஸ் கொடுத்தும் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்து வட்டியோடு கழிக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பழுதுபார்க்கும் கடமையைத் தானாக ஓனர் மேல் சுமத்துவதில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

காலி செய்வது

வீடு வசிக்கவே முடியாத நிலையில் இருந்து, எழுதிக் கேட்டும் ஓனர் மறுத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமை அதே 15-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதியிருப்பதால் தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் "வசிக்க முடியாத" என்பதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். குச்சியால் கூரையைத் தட்டினால் எங்கெல்லாம் பொள்ளலாகச் சத்தம் வருகிறதோ அதை வீடியோ எடுங்கள். பொறியாளரின் ஒரு பக்கக் கடிதம் இன்னும் வலுவானது. கம்பி தெரியும் கூரையின் கீழ் குழந்தைகளையும் பெரியவர்களையும் படுக்க வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருப்பது சரியல்ல. அந்த அறையை அன்றே பூட்டிவிடுங்கள், வெளியேறும் நோட்டீஸையும் அன்றே அனுப்புங்கள்.

இந்த வழியின் விலை அட்வான்ஸ். உரிய கழிவு போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம், இழுத்தடிப்பது வழக்கம். சாவியை வாசலில் நின்று சும்மா கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எல்லா அறைகளையும், மின் மீட்டர் அளவையும் வீடியோ எடுத்து, சாவி பெற்றதற்கும் அட்வான்ஸ் பாக்கித் தொகைக்கும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். கையெழுத்திட மறுத்தால், சாவி தயாராக இருப்பதாகவும் எந்த நாள், எந்த நேரம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அன்றைக்கே தபாலில் எழுதிவிடுங்கள்.