இரண்டு வருடமாக ஒரு ஷேடர் செயின் லைப்ரரியோடு

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, எஃபெக்ட் செயினுக்கு நீங்க வச்சிருக்கற லைப்ரரியவே எடுத்துக்கலாமுங்களா?" சட்டென்று பதில் வரவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பிரவுசரிலேயே ஓடும் பிரிவியூ செய்து தருகிறோம். துணி, பிரிண்ட், ஷேட் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் டி-ஷர்ட் திரையில் வந்து நிற்கும். அடியில் வெப்ஜிஎல், அதாவது பிரவுசரிலிருந்தே கிராபிக்ஸ் சிப்பை வேலை வாங்கும் வழி. அதன் மேல் கோடில் புள்ளி வைத்து வைத்து எஃபெக்ட்களை, அதாவது படத்தை மாற்றும் படிகளை, பூச்சரம் மாதிரி கோர்க்க இந்த லைப்ரரி.

கோர்ப்பது அவ்வளவு சுகம். இரண்டு டெக்ஸ்சர்களில் (படத்தை வைக்கும் நினைவக இடங்கள்) மாற்றி மாற்றி எழுதும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. இன்னும் பிடித்தது ஒன்று உண்டு: பக்கத்துப் பிக்சலைப் பார்க்கத் தேவையில்லாத எஃபெக்ட்கள் அடுத்தடுத்து வந்தால், எல்லாவற்றையும் ஒரே ஷேடராக, அதாவது பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் ஒரே சின்ன புரோகிராமாக, சேர்த்துவிடும். பிரைட்னஸ், சாச்சுரேஷன், விக்னெட் (ஓரங்களை இருட்டாக்குவது) மூன்றும் ஒரே சுற்றில் முடியும். பிளருக்கு மட்டும் தனிச் சுற்று. ஒரு பையர் ஆபீஸின் பழைய லேப்டாப்பில் திக்காமல் சுழன்ற சட்டையைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் அந்த பாட்டில் கிரீன். சாயப்பட்டறையிலிருந்து வந்த லேப் டிப் துண்டு (சாயமிட்ட மாதிரித் துணி) லைட் பாக்ஸுக்குள் கரும்பச்சையாக இருக்கிறது. திரையில் அதே ஷேட் பத்துத் தடவை துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. மெர்ச்சண்டைசர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் தேடினேன். செயினில் நடுவே இருந்த நிறத்திருத்த எஃபெக்ட், லீனியர் மதிப்பை (ஒளியின் நேரடி அளவு) எஸ்ஆர்ஜிபியாக (திரைக்கு அனுப்பும் குறியீடு) மாற்றியே வெளியே தந்திருக்கிறது. கடைசிச் சுற்று அதையே மறுபடி மாற்றியிருக்கிறது. லீனியர் 0.5 என்பது 0 முதல் 255 வரையான திரை அளவில் 188 ஆக வர வேண்டும். இரண்டு முறை மாற்றினால் 223. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை.

எனக்குக் கோபம் இதில்தான். வெளுக்காத துணியை வெளிர் ஷேடுக்குச் சாயத்தில் போட எந்த மாஸ்டரும் விட மாட்டார். இங்கே எந்த எஃபெக்டையும் எதன் பின்னாலும் கோர்க்கலாம், வாய் திறக்காது. பக்கத்துப் பிக்சல் வேண்டுமா என்று ஒவ்வொரு எஃபெக்டையும் கேட்டு வைத்திருக்கிறார்களே, அதனால்தானே சேர்க்க முடிகிறது! அதோடு 'நீ லீனியரை வாங்குகிறாயா, எதைத் தருகிறாய்' என்றும் கேட்டிருந்தால் போதும். பொருந்தாத இடத்தில் மாற்றத்தை அதுவே செருகலாம், இல்லை நின்று கத்தலாம். இரண்டு வருடத்தில் எத்தனையோ வெர்ஷன் வந்துவிட்டது, அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

எங்கள் கோடிலிருந்து இதை எடுக்க மாட்டேன். அந்த ஒரே சுற்று வேகத்தை விட மனசில்லை. ஆனால் தம்பி செய்யப்போவதும் ஷேட் பார்த்து ஆர்டர் போடுகிற வேலை. "வேண்டாம் தம்பி, வேற பாருங்க" என்றுதான் சொன்னேன்.