காலியான போல்டருக்கு 12 எம்பி: எக்ஸ்ட்4 ஐந்து வருடப் பாவனை

யாழ்ப்பாணத்துப் போட்டோ ஸ்டூடியோ ஒன்றின் சேர்வரில், சாதாரண ஹார்ட் டிஸ்க்கில், லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 ஐந்து வருடமாக ஓடுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோதும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் அதன் ஜேர்னல் கைவிடவில்லை. கரண்ட் திரும்பியதும் ஜேர்னலில் உள்ளதை ஓட்டிமுடித்து மவுண்ட் ஆகும், அதாவது டிஸ்க் பாவனைக்கு வரும். அழித்த பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்த கோப்புகளையும் அப்போதே துப்புரவாக்கி, எத்தனை ஓர்ஃபன் ஐநோட் (பெயர் போன பின்னும் மிஞ்சிய கோப்புப் பதிவு) அழிந்தது என்று கேர்னல் லொக்கில் எழுதிவிடும்.

தொல்லை தந்தது வேறொன்று. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வரும் படங்கள் 'வரவு' என்ற ஒரே போல்டரில் விழும். ஸ்கிரிப்ட் அவற்றைப் பிரித்து வேறிடம் அனுப்பும். எல்லாம் போன பிறகும், ரீபூட் செய்து கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை முதல்முறை கொடுத்தால் பல வினாடி அசையாது. இரண்டாம் முறை உடனே வரும், ஏனென்றால் அது மெமரியில் இருந்து வருகிறது. இதனால்தான் பலருக்கு இந்தக் கோளாறு பிடிபடுவதில்லை. போல்டரின் சொந்த அளவைப் பாருங்கள்: புதிய போல்டர் 4096 பைட், இது 1,22,88,000.

போல்டர் என்பது பெயர்ப் பட்டியல், 4096 பைட் பிளொக்குகளில் எழுதப்படுகிறது. அதில் 20 எழுத்துப் பெயருக்கு 28 பைட் பதிவு. பாதி நிரம்பிய பிளொக்குகளும் இருப்பதால் பிளொக் ஒன்றில் ஏறத்தாழ 100 பெயர். 3 இலட்சம் கோப்புக்கு 3000 பிளொக். கோப்பை அழித்தால் அதன் இடம் முந்தைய பதிவோடு சேரும், பிளொக் விடுபடாது. ஜேர்னலில் பிழையில்லை, எக்ஸ்ட்4 போல்டரைச் சுருக்குவதில்லை. இத்தனை நல்ல கோப்பு முறைமையில் இது உண்மையான குறைதான்.

திருத்த, கோப்புகளை நெட்வேர்க்கில் பகிரும் சம்பாவை நிறுத்தி, பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து, கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் ஈ2எஃப்எஸ்சிகே கட்டளையைச் சின்ன எஃப், பெரிய டி இரண்டோடும் ஓட்டுங்கள். எஃப் இல்லாவிட்டால் 'கிளீன்' என்று சொல்லி வெளியேறிவிடும். 3ஏ கட்டத்தில் போல்டர்கள் திரும்ப அடுக்கப்படும். கவனம்: இந்த வேலை ஜேர்னல் வழியாக எழுதுவதில்லை. இடையில் கரண்ட் போனால் காப்பாற்ற ஆளில்லை. யூபிஎஸ் பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று முதலில் பார்த்து, பக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சேர்வரை நிறுத்த முடியாதா? புதுப் போல்டர் திறந்து, உரிமையாளர், அனுமதி இரண்டையும் பழையதுபோல வைத்து, மிச்சக் கோப்புகளை எம்வி கட்டளையால் அதற்கு நகர்த்துங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் பெயர் மட்டுமே மாறுவதால் நேரம் எடுக்காது. பழையதை நீக்கும்போது 'காலியில்லை' என்று வந்தால், பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்று கிடக்கும். எல்எஸ்ஸுக்குப் பெரிய ஏ கொடுத்தால் தெரியும். அதிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் பழுது, ஈ2எஃப்எஸ்சிகே கட்டாயம்.

இப்போது 'வரவு'க்குள் நாளுக்கொரு போல்டர். பிரித்து முடிந்ததும் அன்றைய போல்டரே அழிகிறது, அதன் பிளொக்குகளும் முழுசாகத் திரும்புகின்றன. போன திருவிழா முடிந்து பார்த்தபோது 'வரவு' 4096 பைட்டிலேயே நின்றது.